இடது கையின் வேலை இடது காலுக்கு: டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலன்

ஒற்றைக் கை டிரம்மர் என்றதும் ராக் ரசிகர்கள் சொல்லும் பெயர், டெஃப் லெப்பர்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போனது. 1986 ஆகஸ்டில் மறுபடி மேடையேறினார். 1987இல் வெளிவந்த குழுவின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பம் உலகம் முழுக்க இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லி, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று முடித்துவிடுவது வழக்கம்.

மன உறுதி இருந்தது, சரி. ஆனால் மன உறுதி தானாகப் போய் ஸ்நேர் என்ற கூர்மையான ஒலி தரும் டிரம்மை அடிக்காது. அடிக்க ஓர் உறுப்பு வேண்டும், அந்த உறுப்புக்கேற்ற கருவி வேண்டும், கருவியைப் பழக அவகாசம் வேண்டும், பழகி முடிக்கும்வரை வேறு ஆளைத் தேடாத கூட்டாளிகள் வேண்டும். அப்புறம், அந்தக் கருவியின் சத்தத்துக்குப் பொருந்துகிற பாட்டும் வேண்டும். ஆலன் விஷயத்தில் இவை எல்லாம் ஒரே இரண்டு ஆண்டுக்குள் கூடிவந்தன. அவரைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

ஸ்பூன் தொழிற்சாலையில் ஒத்திகை

ரிக் ஆலன் பிறந்தது 1963 நவம்பர் 1, இங்கிலாந்தின் டெர்பிஷையரில் டிரான்ஃபீல்டு என்ற சிற்றூரில். வடக்கே ஷெஃபீல்டு நகரம் கூப்பிடு தூரம். உருக்குக்கும் கத்தி, கரண்டிக்கும் பேர்போன தொழில் நகரம் அது. 1977இல் டாப்டன் பள்ளி மாணவர்கள் சிலர் அங்கே ஓர் இசைக்குழு தொடங்கியிருந்தார்கள். பாடகராக ஜோ எலியட் வந்து சேர்ந்தார். காது கேளாத சிறுத்தை என்று பொருள்படும்படி அவர் யோசித்து வைத்திருந்த பெயரை எழுத்துகளை மாற்றிப்போட்டு டெஃப் லெப்பர்டு ஆக்கினார்கள். ஒத்திகை நடந்தது ஒரு ஸ்பூன் தொழிற்சாலைக்குள் வாடகைக்கு எடுத்த அறையில். ஷெஃபீல்டு பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

முதல் டிரம்மர் டோனி கென்னிங் 1978 கடைசியில் விலகினார். குழுவின் முதல் சிறு இசைத்தட்டுக்கு ஃபிராங்க் நூன் என்பவரை வைத்துச் சமாளித்தார்கள். நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று கொடுத்த விளம்பரத்துக்குப் பதில் போட்டது ஆலனின் அம்மா. பையனுக்குப் பதினைந்து வயது, அதற்குள் உள்ளூர்க் குழுக்கள் சிலவற்றில் வாசித்துவிட்டிருந்தான். 1978 நவம்பரில் சேர்ந்தான். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1979 நவம்பர் 1 அன்று, தன் பதினாறாவது பிறந்தநாளில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் ஏசி/டிசி என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசித்தான். பள்ளிக்கூடம் அதோடு சரி.

1980இல் முதல் ஆல்பம். இரண்டாவது ஆல்பத்துக்கு, 1981இல், தயாரிப்பாளராக வந்தார் ராபர்ட் ஜான் ‘மட்’ லாங். ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைத் தயாரித்தவர். ஆலனின் கதையில் விபத்துக்கு நிகரான திருப்பம் லாங் வந்ததுதான் என்று நினைக்கிறேன். குழுவாகச் சேர்ந்து வாசிப்பதை அப்படியே பதிவு செய்கிற ஆள் அல்ல அவர். ஒவ்வொரு கருவியையும், ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கடுக்காகக் கட்டுவார். 1983 ஜனவரியில் வந்த ‘பைரோமேனியா’வில் இந்த முறை உச்சத்துக்குப் போனது. மெஷின் தாளத்தை வைத்துக்கொண்டு மற்ற கருவிகளைப் பதிந்தார்கள். டிரம் ஒலிகளை ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியில் ஏற்றி, அங்கிருந்து இடம் பார்த்து வைத்தார்கள். சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை ஆலன் தனியாக வாசித்தார்.

அதாவது, ஆலனுக்கு இரண்டு கையும் இருந்த காலத்திலேயே டெஃப் லெப்பர்டு ரெக்கார்டுகளில் மனிதனும் மெஷினும் கலந்த டிரம்ஸ்தான். கையை இழந்த பிறகு மெஷினை நம்பினார் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அவர்கள் ‘பைரோமேனியா’வை மறுபடி கேட்கலாம். அந்த ஆல்பம் அமெரிக்காவில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ முதலிடத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் இரண்டாம் இடம்வரை ஏறியது. காலப்போக்கில் அங்கே மட்டும் ஒரு கோடிப் பிரதிகள் விற்றுவிட்டன. இருபது வயதில் ஆலன் பணக்காரர். வேகமான கார் வாங்குகிற வயதும் அதுதான்.

ஏ57 சாலை

ஷெஃபீல்டுக்கு மேற்கே ஏ57 சாலை குன்றுகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகும். இருபுறமும் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய மதில்கள். 1984இன் கடைசி நாள் பகலில் ஆலன் தன் கொர்வெட் காரில் தோழியோடு அந்த வழியே போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஓர் ஆல்ஃபா ரோமியோ கார். முந்த விடாமல் அவரைச் சீண்டிக்கொண்டே போனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். எரிச்சலில் முந்தப் பார்த்தவர் எதிரே வந்த வளைவைக் கவனிக்கவில்லை. கார் கட்டுப்பாடு இழந்து மதிலில் மோதி வயலுக்குள் பாய்ந்தது. சீட் பெல்ட் சரியாகப் போட்டிருக்கவில்லை. உடம்பு வெளியே வீசப்பட்டது, இடது கை துண்டானது. தோழி காயங்களோடு பிழைத்தார். அப்போது ஆலனுக்கு வயது இருபத்தொன்று.

மருத்துவர்கள் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். சில நாளில் அதில் தொற்று பரவியது. உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்ததும் மறுபடி அகற்ற வேண்டியதாயிற்று. வலது கையிலும் பலத்த காயம். ஆகவே முதல் சில வாரங்களில் அவருக்கு உருப்படியாக இயங்கியது இரண்டு கால்கள் மட்டும்தான். இந்த விவரம் முக்கியம், ஏனென்றால் அடுத்து நடந்தது இதிலிருந்துதான் பிறக்கிறது.

கட்டிலில் உடம்பு கீழே சரிந்துவிடாமல் இருக்கக் கால்மாட்டில் ஒரு நுரைத்திண்டை வைத்திருந்தார்கள். பாட்டுக் கேட்கும்போது அந்தத் திண்டின்மேல் பாதத்தால் தட்டிப் பார்த்திருக்கிறார். கை செய்த தாளத்தைக் கால் செய்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. படுத்துக் கிடக்கிற டிரம்மர் சும்மா இருக்க மாட்டார், அவ்வளவுதான்.

நான்கு பெடல்கள்

சாதாரண ராக் டிரம்மரின் உடம்பில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்தால்தான் இதன் சூட்சுமம் புரியும். வலது கால் பாஸ் டிரம் என்ற பெரிய டிரம்மைப் பெடலால் மிதிக்கிறது. நான்கு எண்ணிக்கையில் பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும். இடது கை இரண்டிலும் நான்கிலும் ஸ்நேரை ஓங்கி அடிக்கிறது. ராக் பாட்டுக்குக் கூட்டம் கைதட்டுவது இந்த அடியைப் பின்பற்றித்தான். வலது கை குறுக்கே போய் ஹை-ஹாட் தட்டுகளில் இடைவிடாமல் எட்டு தட்டுகிறது. இடது கால் ஹை-ஹாட் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டும் சேர்ந்திருக்கவும், அவ்வப்போது விரியவும்.

நான்கு உறுப்புகளில் வேலை குறைவு யாருக்கு? இடது காலுக்கு. போனது எது? இடது கை. அதிகச் சுமை உள்ள வலது கால் போயிருந்தால் கணக்கே வேறு. போனதும் ஓய்வாக இருந்ததும் ஒரே பக்கம் என்பதால் புதிய ஏற்பாடு ஒன்றைக் கற்பனை செய்யவாவது முடிந்தது.

மின்னணுவியல் தெரிந்த பீட் ஹார்ட்லி என்பவரும் ஆலனும் சேர்ந்து இதற்கு வடிவம் கொடுத்தார்கள். டிரம்ஸ் கருவிகள் சிம்மன்ஸ் நிறுவனத்தினுடையவை. இடது பாதத்துக்கு இடமிருந்து வலமாக நான்கு பெடல்கள்: முதலாவது ஹை-ஹாட்டை மூடி நிறுத்த, சறுக்கித் தள்ளுகிற மாதிரி ஒன்று, இரண்டாவது பாஸ் டிரம், மூன்றாவது ஸ்நேர், நான்காவது டாம் என்ற ஆழ்ந்த ஒலி டிரம். கடைசி மூன்றையும் மிதித்தால் சென்சார் அந்த அடியை மின் சைகையாக்கி அனுப்பும், ஒலிப்பெட்டி அதற்குரிய சத்தத்தை எழுப்பும். ஹை-ஹாட்டைக் கால் சதா பிடித்திருக்க வேண்டியதில்லை என்றதுமே ஒரு கால் முழுசாக விடுதலை ஆகிவிட்டது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் முழு ஏற்பாடும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்தக் கருவிகள் அப்போது புத்தம் புதியவை. சிம்மன்ஸின் அறுகோண மின்னணு டிரம்ஸ் சந்தைக்கு வந்தது 1981 வாக்கில்தான். ஆரம்பத்தில் அவற்றின் மேற்பரப்பைக் கலகத் தடுப்புக் கேடயங்களுக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டில் செய்தார்கள். வாசித்தவர்களுக்கு மணிக்கட்டு வலி கண்டது. ஆனாலும் எண்பதுகளின் பாப் மேடை முழுக்க அவைதான் இருந்தன. ஆலனின் விபத்து பத்து வருஷம் முன்னால், 1974இல், நடந்திருந்தால் ஸ்நேரின் சத்தத்தை வேறொரு பெடலில் கொண்டுவந்து வைக்கும் வழியே சந்தையில் இருந்திருக்காது. மின்னணு டிரம்ஸின் சத்தத்துக்குக் கேட்பவர்களின் காதும் பழகியிருக்காது.

கருவி வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஸ்நேர் தோலில் ஸ்டிக் பட்டால் துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து ஒரே அசைவில் இரண்டு அடி எடுப்பது டிரம்மரின் அரிச்சுவடி. காலுக்கு அது இல்லை. கால் கனமானது, ஒவ்வோர் அடிக்கும் தனியாக எழுந்து இறங்க வேண்டும். பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் காதோரமாக முணுமுணுக்கிற மென்மையான அடிகள் காலில் அநேகமாக வராது. டாம்களில் வலது, இடது, வலது, இடது என்று இரண்டு கையும் மாறி மாறி ஓடுகிற ஓட்டத்தை, வலது கை, இடது கால், வலது கை, இடது கால் என்று பிரித்துப் பழக வேண்டும். அதே நேரத்தில் வலது காலும் தன் வேலையைப் பார்த்தாக வேண்டும். இரண்டு பாதமும் தரையில் ஊன்றாமல் இயங்குவதால் உடம்பின் முழு எடையும் முக்காலியில். ஒரு கை இல்லாததால் எடையின் நடுப்புள்ளியும் நகர்ந்துவிட்டது. நேராக உட்காருவதிலிருந்தே பாடம் தொடங்கியது.

காத்திருந்த நால்வர்

விபத்து நடந்தபோது குழு ‘ஹிஸ்டீரியா’ வேலையின் நடுவில் இருந்தது. அந்த வேலை அதற்கு முன்பே சிக்கலில் மாட்டியிருந்தது. களைத்துப்போன லாங் இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டார். பதிலாக வந்த ஜிம் ஸ்டைன்மனோடு ஒத்துப்போகவில்லை, அனுப்பிவிட்டார்கள். ஹாலந்தில் ஹில்வெர்சம் ஊரிலுள்ள விஸ்ஸலோர்டு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் நைஜல் கிரீனை வைத்துக்கொண்டு தாங்களே முயன்றார்கள். அதுவும் சரியாக வரவில்லை. பிறகு லாங் மனம் மாறித் திரும்பி வந்தார். அதுவரை பதிந்ததில் பெரும்பகுதியை ஓரம்கட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஜோ எலியட்டுக்கு அம்மைக்கட்டு வந்தது. லாங்கும் தன் பங்குக்கு ஒரு கார் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். நம் ஊராக இருந்தால் யாராவது பரிகாரம் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

வேறு டிரம்மரைப் போடும் பேச்சுக்கு எலியட், ரிக் சாவேஜ், ஸ்டீவ் கிளார்க், ஃபில் காலன் நால்வரும் இடம் கொடுக்கவில்லை. ஆலனே முடியாது என்று சொல்கிறவரை இடம் அவருடையது என்று விட்டுவிட்டார்கள். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டலாம், அது உண்மைதான். ஆனால் ஆய்வு என்று வரும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆல்பம் எப்படியும் முடிகிற நிலையில் இல்லை. லாங்கின் முறையில் டிரம்ஸ் கடைசியில் வருவது. கிட்டாரும் குரலும் கட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். தவறான தயாரிப்பாளர், நோய், இன்னொரு விபத்து என்று வந்த ஒவ்வொரு தாமதமும் ஆலனுக்குக் கூடுதல் பயிற்சி நாளாக மாறியது. சுற்றுப்பயணத்தின் நடுவில் இது நடந்திருந்தால் நால்வரின் நல்ல மனசு எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்பது வேறு கேள்வி.

ஸ்டுடியோவில் தனி அறையில் நாள்கணக்காகப் பழகிய ஆலன், ஒரு நாள் மற்றவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். அவர் எடுத்தது லெட் செப்பலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டின் தொடக்கத் தாளம். கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது என்று எலியட் பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணீர் ஒருபுறம் இருக்கட்டும், அவர் பொறுக்கியெடுத்த தாளத்தைப் பாருங்கள். செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹமின் அந்த வாசிப்பு மெதுவானது, கனமானது. அடிக்கும் அடிக்கும் நடுவே நிறைய வெற்றிடம். வேகத்தைக் காட்ட வேண்டிய இடமே இல்லை, விழுகிற ஒவ்வோர் அடியும் சரியான நொடியில் விழ வேண்டும். தன் புதிய உடம்புக்கு எது முடியும், எதில் அழகு வரும் என்று ஆலன் அதற்குள் கண்டுபிடித்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அயர்லாந்து, பிறகு டொனிங்டன்

ஸ்டுடியோவில் தப்பினால் திருத்தலாம், மேடையில் முடியாது. 1986 ஆகஸ்டில் அயர்லாந்தின் சிறு அரங்குகளில் ஒத்திகை மாதிரி சில நிகழ்ச்சிகள் வைத்தார்கள். பாதுகாப்புக்கு இரண்டாவது டிரம்மராக ஸ்டேட்டஸ் குவோ குழுவின் ஜெஃப் ரிச். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். ரிச்சுக்குத் தன் குழுவின் நிகழ்ச்சிகளும் இருந்ததால் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தார். பாலிபனியன் என்ற கடற்கரை ஊரில் அவர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆலன் தனியாகத் தொடங்கினார். ரிச் வந்து பாதியில் சேர்ந்துகொண்டார். தனியாக வாசித்த பகுதியில் எதுவும் குறையவில்லை. இனி நான் எதற்கு என்று ரிச்சே ஒதுங்கிக்கொண்டார்.

திட்டமிட்ட எந்தச் சோதனையும் இவ்வளவு சுத்தமாக முடிவைச் சொல்லியிருக்காது என்பது என் கணிப்பு. இரண்டாவது டிரம்மர் பக்கத்தில் இருக்கும்வரை, ஆலனால் தனியாக முடியுமா என்று ஆலன் உட்பட யாருக்கும் தெரிய வழியில்லை.

ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தில் டொனிங்டன் திடலில் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ விழா. ஆஸி ஆஸ்பர்ன், ஸ்கார்பியன்ஸ், மோட்டார்ஹெட் எல்லாம் வாசித்த மேடை. நிகழ்ச்சியின் நடுவே எலியட் ஆலனின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார். பல்லாயிரம் பேர் எழுப்பிய ஆரவாரத்தில் டிரம்ஸ் பின்னால் இருந்தவர் உடைந்துபோனார். பத்திரிகைகள் அன்றைக்குத்தான் அவர் திரும்பி வந்ததாக எழுதின. பாலிபனியனில் சில நாள் முன்பே அது முடிந்திருந்தது.

‘ஹிஸ்டீரியா’

1987 ஆகஸ்ட் 3 அன்று ஆல்பம் வெளிவந்தது. ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும் என்ற அளவுக்குச் செலவு ஆகியிருந்ததாகச் சொல்வார்கள். பிரிட்டனில் உடனே முதலிடம். அமெரிக்காவில் மெதுவாக ஏறி, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து 1988 ஜூலையில் முதலிடம். அங்கே ஏழு பாட்டுகள் தனித்தனியாக வெளியாகி ஹிட் வரிசையில் ஏறின. ‘லவ் பைட்ஸ்’ 1988 அக்டோபரில் முதலிடமே பிடித்தது.

அந்த ஆல்பத்தில் பரவலாக அறியப்பட்ட பாட்டு ‘போர் சம் ஷுகர் ஆன் மீ’. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், எலியட் இடைவேளையில் கிட்டாரில் மீட்டிக்கொண்டிருந்ததைக் கேட்ட லாங், இதையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்த பாட்டு. அதன் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். பாஸ் டிரம், ஸ்நேர், நிறைய இடைவெளி. ஸ்நேர் ஒவ்வொன்றும் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. முணுமுணுக்கிற சின்ன அடிகள் இல்லை, உருட்டல்கள் மிகக் குறைவு. ஆலனின் காலால் முடியாதவை எவையோ அவையெல்லாம் இந்தப் பாட்டுக்குத் தேவையே இல்லை.

இது ஆலனுக்காகச் செய்த சலுகை என்று சொல்ல மாட்டேன். லாங் தேடிப்போனதே இந்த மாதிரிப் பெரிய, மொட்டையான, ரேடியோவில் பளிச்சென்று கேட்கிற ஒலி. ஜாஸ் சாயல் உள்ள குழு ஒன்றில் ஆலன் இருந்திருந்தால், அதே மன உறுதியோடும் அதே பெடல்களோடும் அவருக்கு அங்கே இடம் இருந்திருக்காது. எளிமையை நோக்கி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த இசை அவருடைய புதிய உடம்பைச் சந்தித்தது.

அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையை அரங்கின் நட்டநடுவில் போட்டார்கள், சுற்றிலும் கூட்டம். டிரம்மர்கள் வழக்கமாகப் பின்பக்கம் அரை இருட்டில் இருப்பவர்கள். ஒளிக்க இடமே இல்லாத அந்த மேடையில் ஆலனின் கால்கள் என்ன செய்கின்றன என்பதை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். குழு அதை மறைக்க நினைக்கவும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு

இங்கே முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் அடுத்த பத்தாண்டைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு அரைகுறை.

1991 ஜனவரி 8 அன்று கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் லண்டனில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது முப்பது. மதுவும் மாத்திரைகளும் சேர்ந்த விளைவு. அதற்குச் சில மாதம் முன்புதான் குடியிலிருந்து மீண்டு வரட்டும் என்று குழு அவருக்கு ஆறு மாத விடுப்பு கொடுத்திருந்தது. ஆலனுக்கு எந்த மருந்து வேலை செய்ததோ, அதாவது அவசரப்படாமல் காத்திருப்பது, அதையே கிளார்க்குக்கும் கொடுத்தார்கள். பலிக்கவில்லை. ஆலனுக்குக் காத்திருப்பின் ஒவ்வொரு நாளும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. கிளார்க்கின் விடுப்பில் அது இல்லை. குழுவின் நட்பையே ஆலன் மீண்டதற்கு முழுக் காரணமாகச் சொல்பவர்கள், அதே குழு அதே நட்போடு இன்னொருவரைக் காப்பாற்ற முடியாமல் போனதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1995 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில், அப்போதைய மனைவியைத் தாக்கியதற்காக ஆலன் கைது செய்யப்பட்டார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சமூக சேவையும் மதுப்பழக்க மீட்புக் கூட்டங்களுக்குப் போவதும் தண்டனை. ஊக்கக் கட்டுரைகளில் இந்தப் பத்தி இருக்காது. பாதிக்கப்பட்டவர் மனைவி, விபத்தைக் காட்டி இதற்குச் சமாதானம் சொல்லவும் கூடாது. ஆனால் 1985இல் உடம்புக்குக் கிடைத்த அளவு கவனம் மனசுக்குக் கிடைக்கவில்லை என்பதும் நடந்ததுதான். தையல் பிரித்தார்கள், பெடல் செய்து கொடுத்தார்கள், மேடை ஏற்றினார்கள். வயலில் கிடந்த அந்தப் பகலைப் பற்றி உட்கார்ந்து பேச வைத்தவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

அது வெகு தாமதமாகத்தான் வந்தது. 2001இல் ஆலன், பின்னாளில் மனைவியான இசைக்கலைஞர் லாரன் மன்றோவுடன் சேர்ந்து ரேவன் டிரம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து டிரம் தட்டுவதை மன ஆறுதலுக்கு வழியாகப் பயன்படுத்துவது அதன் வேலை. 2006இல் வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை, கால் இழந்து வந்த இளைஞர்கள் அங்கே இருந்தார்கள், பலருக்கும் விபத்தின்போது அவருக்கிருந்த வயது. அவர்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் தனக்கும் இருந்தவை என்று அங்கேதான் உணர்ந்ததாக ஆலன் சொல்லியிருக்கிறார். விபத்தால் ஏற்படும் மனக்காயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் சிகிச்சையும் உண்டு என்பது அவருக்கு உறைத்தபோது இருபத்தொரு வருஷம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து போர்வீரர்களோடு வேலை செய்வதுதான் அந்த அமைப்பின் முக்கிய முகம்.

இசையில் அவர் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1996இல் வந்த ‘ஸ்லாங்’ ஆல்பத்துக்குக் குழு எண்பதுகளின் பளபளப்பை உதறியபோது, ஆலனும் தோல் கட்டிய டிரம்ஸ் பக்கம் திரும்பினார். வலது கைக்கு நிஜ டிரம், இடது காலுக்கு மின்னணுப் பெடல் என்ற கலப்பு ஏற்பாடு அப்புறம் தொடர்ந்தது. ‘ஹிஸ்டீரியா’ ஒலியைவிட இதில் ஈரம் அதிகம். விற்பனை என்னவோ ‘ஹிஸ்டீரியா’வைவிட மிகக் குறைவு. மற்ற ஆல்பங்களைப் பற்றி இங்கே சொல்ல அதிகம் இல்லை. 2022இல் வந்த ‘டயமண்ட் ஸ்டார் ஹேலோஸ்’ வரை எல்லாவற்றிலும் அவர்தான் டிரம்மர்.

2019 மார்ச் 29 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டெஃப் லெப்பர்டைச் சேர்த்தார்கள். குயின் குழுவின் பிரையன் மே அறிமுக உரை ஆற்றினார். எலியட் தன் பேச்சில் ஆலனைக் குறிப்பிட்டதும் அரங்கமே எழுந்து நின்றது.

2023 மார்ச் 13 அன்று ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஹோட்டல் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆலனை, அறிமுகமே இல்லாத பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் ஓடிவந்து மோதித் தள்ளினான். ஆலன் விழுந்ததில் தலையில் அடி. தடுக்க வந்த பெண்ணையும் அவன் விடவில்லை. ஒற்றைக் கையால் ஊன்றித் தாங்க முடியாத உடம்புக்கு அப்படி விழுவது சாதாரண விஷயம் அல்ல. அடுத்த சில நாளில் ஆலன் வெளியிட்ட அறிக்கையில் மேடைக்கு எப்போது திரும்புவேன் என்பதற்கு முன்னுரிமை இல்லை. மனைவியோடு பாதுகாப்பான இடத்தில் இருப்பதாகவும், நடந்ததில் சம்பந்தப்பட்ட எல்லோரும் குணமாக வேண்டும் என்பதில்தான் கவனம் என்றும் சொல்லியிருந்தார். சம்பந்தப்பட்ட எல்லோரும் என்றதில் அடித்தவனும் அடக்கம். அதே வருஷம் மே மாதம் குழு ஷெஃபீல்டுக்கு வந்தது. 19ஆம் தேதி லெட்மில் என்ற சின்ன அரங்கு, 22ஆம் தேதி பிராமல் லேன் கால்பந்துத் திடல். இரண்டு இடத்திலும் டிரம்ஸ் ரிக் ஆலன்தான், பக்கத்தில் இரண்டாவது ஆள் யாரும் இல்லை.